யாரும் இல்லை என்று சொல்ல மறுத்தவர்

அடைமழை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலை அது. செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தபோது கைப்பேசி அடித்தது. குத்துக்கல்வலசையிலிருந்து கணேசன் பேசினான்.

"சார், அம்மா தவறிட்டாவ. விடிஞ்சதும் காப்பி குடுக்க எழுப்பினோம், எந்திரிக்கல" என்றான். பிறகு, "இன்னைக்குக் கடையம் போணும்னு பையெல்லாம் எடுத்து வாசல்கிட்ட வச்சிருந்தாவ சார்" என்று சொல்லிவிட்டு அழுதான்.

உலகம்மாள் அவர்கள் மறைந்த செய்தி எனக்கு வந்தது இப்படித்தான். அறுபதைத் தாண்டி இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. முழங்கால் வலியைத் தவிர வேறு நோய் என்று எதையும் அவர் சொல்லிக் கேட்டதில்லை.

நம் ஓய்வூதியர் சங்கச் செய்திமடலில் அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஆசிரியர் தயங்கினார். "அவங்க நம்ம உறுப்பினர் இல்லையே அண்ணாச்சி" என்றார். உண்மைதான். ஓய்வூதியம் வந்தால்தானே உறுப்பினராக முடியும்? ஆனால் வருடா வருடம் நாம் உயிரோடு இருக்கிறோம் என்று காட்டக் கருவூலத்துக்குப் போகிறோமே, அங்கே நம்மில் நடக்க மாட்டாதவர்களைக் கைபிடித்துப் படியேற்றி, நாற்காலி பிடித்துப் போட்டு, தண்ணீர் வாங்கிக் கொடுத்த அம்மா யார் என்று யோசித்துப் பாருங்கள். அவர்தான் உலகம்மாள். அதனால் எழுதுகிறேன். வேண்டாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உலகம்மாள் தென்காசியில் பிறந்தவர். சமூகப் பணியில் முதுகலை படித்தவர். கணவர் இளவயதிலேயே காலமாகிவிட்டார். ஒரே மகன் கணேசன். படித்த படிப்புக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர் வேலை கிடைத்தது. முதியவர்கள், கைவிடப்பட்ட பெண்கள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு அரசு தரும் உதவிகளைப் பெற்றுத் தருவது வேலை. எந்த மேடையிலாவது அவரைச் ‘சமூக சேவகி’ என்று அழைத்தால் முகம் சுருங்கிவிடும். "சேவை இல்ல சார், வேலை. படிச்சிட்டு வந்து பாக்குற வேலை. சேவைன்னு சொல்லிச் சொல்லியே எங்க சம்பளத்தை எல்லாரும் மறந்துருதாவ" என்பார்.

நான் அப்போது முதியோர் உதவித்தொகையைக் கவனிக்கும் பிரிவில் வட்டாட்சியராக இருந்தேன். அவர் மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எங்கள் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. கடைசிவரை அது முழுதாக ஓயவும் இல்லை.

சண்டை எதைப் பற்றி என்று விளங்க வேண்டுமானால், நம் பக்கத்தில் ‘விசாரணை’ என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். உதவித்தொகை ஆதரவற்றவர்களுக்கு. சம்பாதிக்கிற மகன் வீட்டில் இருந்தால், ஆதரவு இருக்கிறது என்று எழுதித் தள்ளிவிடுவோம். எனவே விசாரணைக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் தெருவே தயாராகிவிடும். மகனுடைய மோட்டார் சைக்கிள் அடுத்த தெருவுக்குப் போகும். டிவியின் மேல் ஒரு சேலை விழும். மருமகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். மகன் டீக்கடைக்குப் போவான். வீட்டின் நடுவில், ஒரு தட்டும் ஒரு தம்ளரும் பக்கத்தில் இருக்க, பெரியவர் மட்டும் கால்களை மடக்கி உட்கார்ந்திருப்பார். இது தெருவுக்கும் தெரியும், போகிற எங்களுக்கும் தெரியும். வழி கேட்டு டீக்கடையில் நின்றால், "அந்தா, அந்த வீடுதான் சார்" என்று அந்த மகனே கைகாட்டியதும் உண்டு.

சுரண்டைப் பக்கம் மாடத்தி என்று ஒரு மூதாட்டி. உலகம்மாள் கொண்டுவந்த விண்ணப்பம். நானே நேரில் போயிருந்தேன். எல்லாம் முறைப்படி இருந்தது. தட்டு, தம்ளர், மூலையில் சுருட்டிய பாய்.

"மகன் உண்டா பாட்டி?" என்று கேட்டேன்.

"இல்லய்யா."

"எங்க போனான்?"

"எங்கயும் போகலய்யா. அந்தா ஒங்களுக்குப் பொறத்தால நிக்கான். நல்ல பய."

திரும்பிப் பார்த்தேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் வாசலில் நின்று அசடு வழிந்தான். அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்கும் ஆசையில் டீக்கடையிலிருந்து வந்துவிட்டான் போலிருக்கிறது. உலகம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரே முதலில் சிரித்தார். எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விண்ணப்பத்தை நான் தள்ளுபடி செய்தேன்.

மாலையில் அலுவலகம் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

"பொய் சொல்லத் தெரியாததுக்கு அந்தக் கெழவி பட்டினி கெடக்கணுமா சார்?"

"மகன் இருக்கானே அம்மா."

"மகன் இருக்கான். சோறு இல்ல. ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கும் சார். அப்படியே எழுதுங்க."

"அப்படி எழுத விதியில் இடமில்லை."

"அப்போ விதியிலதான் ஓட்டை. அந்தக் கெழவி வாயில இல்ல."

அந்தக் கோப்பு இன்று என் மேசைக்கு வந்தாலும் நான் அதையேதான் செய்வேன். செய்யாவிட்டால் தணிக்கையில் என் கழுத்தைப் பிடிப்பார்கள். பேனாதான் என் கையில் இருந்தது. எழுத வேண்டியதை வேறு யாரோ எப்போதோ எழுதிவிட்டார்கள். மாடத்தியின் மகன் பிறகு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போனான். முதலில் மாதம் ஒருமுறை வந்தான். பிறகு வருவது நின்றுபோனது. மாடத்திக்கு உதவித்தொகை கிடைத்தது.

அதற்குப் பிறகு உலகம்மாள் ஒரு வேலை செய்தார். விசாரணைக்கு முந்தின நாள் போய் பெரியவர்களுக்கு ஒத்திகை நடத்தினார். அவரே அதிகாரி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, "ஒங்களுக்கு யாரும்மா இருக்கா?" என்று அதட்டுவார். "எனக்கு யாரும் இல்ல சார்" என்று தடுமாறாமல் சொல்லும்வரை விடமாட்டார். எனக்குத் தெரிந்ததும் கொதித்துப்போய்க் கேட்டேன்.

"பொய் சொல்லப் பழக்குகிறீர்களா?"

"ஆமா சார். நீங்க பொய்யத்தானே கேக்குதிய?" என்றார்.

அன்று முழுவதும் அலுவலகத்தில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அந்த ஒத்திகையை அவர் நிறுத்தியது கடையத்துப் பெரியவர் ஒருவரால். அவருடைய மகன் விசாரணைக்காக அடுத்த தெருவில் ஒரு வீடு பார்த்துப் போனான். தனி ரேஷன் கார்டு வாங்கிக்கொண்டான். உதவித்தொகை கிடைத்ததும் திரும்பிவிடுவது என்றுதான் பேச்சு. ஆனால் மறு விசாரணை வரும், அப்போது மாட்டிக்கொள்வோம் என்று பயந்து அங்கேயே இருந்தான். பெரியவர் ஒரு நாள் இறந்துகிடந்ததைப் பால்காரர் பார்த்துத்தான் மகனுக்கே தெரிந்தது. அந்தச் சாவுக்குப் போய்விட்டு உலகம்மாள் நேரே என் அலுவலகத்துக்கு வந்தார். அன்று சண்டை போடவில்லை.

"சொல்லிச் சொல்லி நெசமாயிருச்சு சார்" என்றார். "மொதல்ல தனிக் கார்டு. அப்புறம் தனி அடுப்பு. அப்புறம் அவன் பிள்ளைகளுக்கே தாத்தா வீடு எதுன்னு தெரியல. நான்தான் அவருக்குச் சொல்லிக் குடுத்தேன், யாரும் இல்லன்னு சொல்லுங்கன்னு."

தேநீர் வரவழைத்தேன். அவர் குடிக்காமல் போய்விட்டார். அதன் பிறகும் விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்தார், அலைந்தார், எங்களோடு மல்லுக்கு நின்றார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற நாளில் விழாவுக்கு வந்திருந்தார். மாலையும் சால்வையுமாக நான் நிற்க, பக்கத்தில் வந்து, "இனி அண்ணாச்சின்னு கூப்பிடலாம்லா?" என்று கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஒங்களுக்கு மாலை போட்டு அனுப்புதாவ. எங்களுக்குத் திட்டம் முடிஞ்சுன்னு ஒரு போன் வரும். மறுநாள் போர்டை நாங்களே கழத்தி வைக்கணும்" என்றார். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். அவர் வாழ்க்கை அப்படியேதான் நடந்துகொண்டிருந்தது. ஒரு திட்டம் முடியும். அதே வேலைக்கு வேறு பெயரில் இன்னொரு திட்டம் வரும். மறுபடி ஒப்பந்தம், மறுபடி முதல் நாள். எத்தனை வருடம் உழைத்தாலும் பணிக்காலம் என்று சேர்ந்து நிற்காது. ஊரிலுள்ள முதியவர்களுக்கெல்லாம் மாதந்தோறும் ஏதோ கொஞ்சம் வரும்படி செய்தவருக்கு, முதுமையில் வர ஒன்றுமே இல்லை. குற்றாலம் சாலையில் நடந்த முதியோர் பகல் இல்லம்தான் அவருடைய கடைசித் திட்டம். அதையும் மூடிவிட்டு நிறுவனம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது.

ஆனாலும் அவர் அலைவதை நிறுத்தவில்லை. கடையத்திலிருந்து ஒருவர் கூப்பிடுவார், சுரண்டையிலிருந்து ஒருவர் கூப்பிடுவார். பெண்களுக்கு இலவசப் பேருந்து இருக்கும்வரை எனக்கென்ன என்று ஏறிவிடுவார். இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறக்குவதைப் பார்த்து, "கொஞ்சம் ஓய்வு எடுங்கம்மா" என்றேன்.

"எதை வச்சு ஓயச் சொல்லுதிய அண்ணாச்சி?" என்று கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். அதனால்தான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

கணேசன் நல்ல பிள்ளை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குற்றாலத்தில் சீசன் நாட்களில் வாடகைக்குக் கடை எடுத்து மங்குஸ்தான், ரம்புட்டான் விற்பான். மற்ற நாட்களில் லோடு ஆட்டோ ஓட்டுவான். மனைவி பேச்சி வீட்டில் பீடி சுற்றுகிறாள். இரண்டு பிள்ளைகள். கடன் வாங்கி அந்தக் கடையை எடுத்த வருடம் சாரல் சாரலாக இல்லை. காட்டாற்று வெள்ளமாக வந்தது. அருவியில் குளிக்கத் தடை போட்டார்கள். எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். ஒரு நாள் நான் போனபோது உலகம்மாள் கடையில் உட்கார்ந்து அழுகிய பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தார்ப்பாய் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே பேரருவி பழுப்பு நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. சாலையில் ஒரு கார் இல்லை.

"வீட்டுல இருந்தா ஒரு வயிறு கூட. வெளிய போனா காலு போகுது. வயசானவங்களுக்குன்னு அரசாங்கம் வச்சிருக்கதைக் கேக்கப் போனா பெத்த பிள்ளை இல்லன்னு சொல்லணும்" என்றார். "மத்தவங்களுக்கு எழுதிக் குடுக்கும்போது வாசல் தெரிஞ்சுது அண்ணாச்சி. எனக்குன்னு பாத்தா எந்தப் பக்கமும் சுவராத்தான் தெரியுது."

விண்ணப்பிக்கச் சொல்லி வற்புறுத்தியது நானும் கணேசனும்தான். பல நாள் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் பேரனுக்குக் காய்ச்சல் வந்து கைமாற்று வாங்கப் போன நாளில், "போடுங்க பாப்போம்" என்றார்.

விசாரணை நாளன்று காலை அவர் சுரண்டைக்கு யாருக்காகவோ போய்விட்டார். பத்து மணிவாக்கில் திரும்பினார். துணைக்கு இருப்போம் என்று நான் முன்னாலேயே வந்திருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். வீடு தயாராக இருந்தது. டிவியின் மேல் பேச்சியின் பச்சைச் சேலை. அலமாரியில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். பிள்ளைகளின் புத்தகப் பைகள் இல்லை. சுவரில் கணேசன் கல்யாணப் படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"யாரு செஞ்சா இதெல்லாம்?"

"கணேசன்தான். பேச்சியையும் பிள்ளைகளையும் அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டான். அவன் டீக்கடையில இருக்கான்" என்றேன்.

மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வீட்டின் நடுவில் உட்கார்ந்தார். முழங்கால் மடங்கவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து மடக்கினார். அப்படி உட்கார்ந்தவர்களை வேலையில் இருந்த காலமெல்லாம் பார்த்தவன் நான். இவரும் அதே இடத்தில், அதே போல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

விசாரணைக்கு வந்தது ஓர் இளம் பெண் அதிகாரி. உலகம்மாளை அவருக்கு முன்பே தெரியும். மரியாதையோடு தரையிலேயே எதிரில் உட்கார்ந்தார். பெயர், வயது எல்லாம் கேட்டு முடித்தார். பிறகு, "ஒங்களுக்கு யாரும் இல்லையாம்மா?" என்றார்.

உலகம்மாள் ஆணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. நான் எழுதிக்கிடுதேன்" என்றார். ஒரு சொல். சொல்லிவிடம்மா, சொல்லித் தொலை என்று எனக்குள் நான் கத்திக்கொண்டிருந்தேன். விதி விதி என்று வாழ்நாளெல்லாம் பேசிய நான்.

"இருக்கான்மா" என்றார் உலகம்மாள். "டீக்கடையில இருக்கான். கூப்பிடுதேன் இருங்க."

சுவரைப் பிடித்து எழுந்து வாசலுக்குப் போனார். தெரு முழுக்கக் கேட்கும்படி, "ஏலே கணேசா! வீட்டுக்கு வாலே. சோறு திங்க வா" என்று கூப்பிட்டார்.

விண்ணப்பம் தள்ளுபடியானது. அந்த அதிகாரியின் மேல் எனக்கு வருத்தமில்லை. அவரும் நான் உட்கார்ந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். கணேசன்தான் அன்று தாங்க மாட்டாமல் கத்தினான்.

"ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்த. ஒனக்கு ஒரு வார்த்தை வரலையா? எனக்கு வேற வழி இருந்தா இப்படிச் செய்வனா?"

"பொய்யின்னா சொல்லிருவேன்லே" என்றார் அவர். "நெசமாயிருமோன்னு பயமா இருந்துச்சு."

அவன் டிவி மேலிருந்த சேலையை இழுத்துச் சுருட்டினான். கட்டிலுக்கு அடியிலிருந்து படத்தை எடுத்துத் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினான். கோணலாக இருந்தது. யாரும் நேராக்கவில்லை.

அதனால் எதுவும் தீர்ந்துவிடவில்லை. நல்லது நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கடன் அப்படியே இருந்தது. அடுத்த சீசனும் பெரிதாக இல்லை. உலகம்மாள் பையை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறுவதும் நிற்கவில்லை. கடைசி இரவிலும் மறுநாளைக்குப் பையை எடுத்து வைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார். நமக்கெல்லாம் ஐம்பத்தெட்டிலும் அறுபதிலும் வந்த ஓய்வு, அவருக்கு அந்த விடியற்காலையில்தான் வந்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் இரண்டு பக்கமும் வயதானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடையத்திலிருந்தும் சுரண்டையிலிருந்தும் காலைப் பேருந்தில் வந்தவர்கள். ‘யாரும் இல்லை’ என்று நாங்கள் எழுதி வைத்திருக்கும் ஆட்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மழை தூறத் தொடங்கியும் எழுந்திருக்கவில்லை.

மயானத்தில் விறகு அடுக்கி முடித்தவர், எல்லாச் சாவிலும் கேட்பதுபோலக் கூட்டத்தைப் பார்த்து, "கொள்ளி வைக்க யாரு இருக்கா?" என்று குரல் கொடுத்தார். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக நின்ற கணேசன் நிமிர்ந்தான்.

"நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு முன்னால் வந்தான்.

பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ கோப்புகளில் ஒரே வாசகத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். கடைசியாக ஒருமுறை அதை எழுத அனுமதியுங்கள். நேரில் சென்று விசாரித்தேன். மேற்படி உலகம்மாளுக்கு மகன் இருக்கிறான்.

பையை இறக்கி வைத்துவிட்டு இனி உட்காருங்கள், அம்மா.